தம்பி குடித்த வல்லாரை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருவன் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. கல்யாணமாகி வந்தபோது அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அதற்கு மேல் இல்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. மனம் ஒருநிலைப்பட வேண்டுமென்று போன வாரம் வல்லாரை மாத்திரை வாங்கி வந்தாள். டப்பாவில் இருந்த இலைப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர். வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும்; காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். இடுப்புக் கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில் இருக்கும். இரண்டு முறை இழுத்தால் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். அக்காள் தாலியை நினைத்தாவது அவன் கவனமாக இருப்பான் அல்லவா! எங்கள் வள்ளத்தில் கயிறு பிடித்தவன் தம்பி.

ஒருநாள் பக்கத்து வள்ளத்தில் சங்கு குளித்தவரைப் பிணமாகத் தூக்கினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தம்பிக்குக் கை நிற்கவில்லை. நீரோட்டத்தில் கயிறு லேசாக அசைந்தாலும் தூக்கிவிடுவான்.

"ஏலே மாப்ளே, நான் சங்கு எடுக்கப் போனேனா, இல்ல உன் தூண்டில்ல மாட்டுன மீனா? இழுத்துக்கிட்டே இருக்க!" என்று இவர் சத்தம் போடுவார். கடைசியில், "ஒரு வாரம் பாப்பேன், பொறவு கயித்துக்கு வேற ஆளுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

ஆற்றுப் பக்கத்து ஊரிலிருந்து கீரை கொண்டுவரும் ஒரு அம்மாள் வல்லாரையைக் காட்டினாள். "மனசு அடங்கும், புத்தி ஒரு இடத்துல நிக்கும். பத்து இலையப் பருப்போட சேத்துக் கடைஞ்சு சோத்துல போடு. சாறு பிழிஞ்சு குடுத்துராத ஏளா."

"எனக்கே சமைக்கச் சொல்லித் தாறியாக்கும்" என்றேன். ஒரு வாரத்துக்குள் பலன் வேண்டும் எனக்கு. ஒரு கட்டுக் கீரையை அப்படியே அரைத்துப் பிழிந்து டம்ளரில் கொடுத்தேன்.

"என்னக்கா, ஆட்டுக்குப் போடுததையெல்லாம் எனக்குத் தார?"

"பேசாமக் குடில."

கடலில் இறங்குகிறவர் வெறும் வயிற்றோடுதான் போவார். அத்தான் சாப்பிடாமல் தம்பியும் எதையும் வாயில் வைக்க மாட்டான். ஆக, அவன் வயிற்றில் அந்தச் சாறு மட்டும்தான். இரண்டு நாள் கை நின்றது. "மாப்ளைக்குப் புத்தி வந்துட்டு" என்று இவரே மெச்சினார். நான் பூரித்துப்போய் மூன்றாம் நாள் இரண்டு கட்டுக் கீரையைப் பிழிந்தேன்.

அன்றைக்குக் காற்றுக் குழாய் மடங்கிவிட்டது. இவர் கீழே இருந்து இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். மேலே தம்பி கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு, தலை தொங்க உட்கார்ந்திருந்தான். இவர் தாமாகவே முட்டி மோதி மேலே வந்தார். மூக்கில் ரத்தம். வலது காது அதோடு போயிற்று.

கரையில் எல்லோரும் நிற்க இவர் கேட்டார்: "சாராயமாலே?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கயிறு பிடிக்கிறவனுக்கு, குளிக்கிறவரின் பெண்டாட்டியே எதையோ கொடுத்து அனுப்பினாள் என்று ஊர் பேசினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆமா அத்தான்" என்றான்.

அதன்பிறகு யாரும் அவனிடம் கயிறு கொடுக்கவில்லை, பெண்ணும் கொடுக்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தே வயதாகிவிட்டது. இவர் சாகும்வரை அவனோடு பேசவில்லை. என் கைப்பக்குவத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை என்று தெருவெல்லாம் பெருமை பேசிக்கொண்டு நான் இருந்தேன்.

பல வருடம் கழித்து ஒரு சித்த மருத்துவரிடம் கேட்டேன். நல்ல மூலிகைதான், ஆனால் அத்தனை சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் கிறுகிறுப்பும் தூக்கமும் வரலாம் என்றார். அன்று அவனை அப்படி ஆக்கியது வல்லாரையா, வெயிலா, பட்டினியா, என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவன் சாராயம் குடிக்கவில்லை. அதை மட்டும் சொல்ல முடியும். நான் சொல்லவில்லை.

இன்று இவருக்கு நினைவுப் பூசை. பிள்ளைகள் நாலு பேரும் வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவைக் கொல்லப் பார்த்த குடிகாரன் என்றுதான் அவர்களுக்கு மாமாவைத் தெரியும். அவன் வழக்கம்போல் வாசலோடு நின்றுகொண்டிருக்கிறான்.

"ஏளா, எழுதுனது போதும். எந்திரிச்சு நடுவீட்டுல போய் நின்னு, முதல்ல இருந்து வாசி. வாசல்ல நிக்கிற தாத்தாவுக்கும் கேக்கணும், சத்தமா வாசி."