மல்லிக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த கும்பிடு

புளித்த பாலும் குழந்தைப் பவுடரும் நனைந்த மயிரும் கலந்த வாடை ஒன்று உண்டு. அதை முகர்ந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். முகராமலே போவதுதான் நல்லது. ஆஸ்டின் டவுனில், என் ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்கும், எங்கள் வீட்டின் வாடை அதுதான். மல்லியின் வாடை. மல்லி ஒரு குரங்குக் குட்டி.

பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பாதான் அதை டிபன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கரண்ட் கம்பியில் அடிபட்டுத் தாய்க்குரங்கு விழுந்துவிட்டதாம், செத்த உடம்பைக் குட்டி விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் இரக்கம் இருந்தது. அடுத்ததைச் சொல்லும்போது வீரம் வந்துவிட்டது. "மொத்தக் கூட்டமும் காம்பவுண்டு மேல குந்திகினு கத்துதுங்க. ஒரு பொட்டைக் கொரங்கு கிட்டக்க வந்து கையக்கூட நீட்டிச்சி. வுடுவனா? கட்டைய எடுத்து வெரட்டிட்டு இத்தத் தூக்கினு வந்தேன்."

நாங்கள் கைதட்டினோம். அந்தப் பெண் குரங்கு எதற்குக் கை நீட்டியது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்தை விட்டு அநேகமாகப் போவதில்லை, அக்காவும் பெரியம்மாவும் சின்னம்மாவுமாக ஆயுசு முழுக்க ஒன்றாகவே இருக்கும், தாயில்லாத குட்டியை இன்னொருத்தி வயிற்றோடு சேர்த்துக்கொள்வதும் உண்டு என்பதையெல்லாம் நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருஷமானது. படித்த அன்றைக்குச் சித்தப்பா மேல் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

எனக்கும் தங்கைக்கும் அடுத்து, அம்மாவுக்கு அது "மூணாவது பொண்ணு". என் பழைய கவுனை வெட்டித் தைத்துப் போட்டாள், காலையில் காப்பியில் பிஸ்கட் தோய்த்துக் கொடுத்தாள், "எங்கனா ஓடி அடிபட்டுக்கப் போறா" என்று இடுப்பில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி சனிக்கிழமை தவறாமல் வாழைப்பழத்தோடு வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். "ஆஞ்சநேய சாமியே உங்க வீடு தேடி வந்திருக்காரு. ஸ்வல்ப கும்பிடச் சொல்லிக் குடும்மா!" சொல்லிக்கொடுத்தது நான்தான். இரண்டு கையையும் சேர்த்தால் ஒரு வேர்க்கடலை, சேர்க்காவிட்டால் இல்லை. ஒரே வாரத்தில் மல்லி கற்றுக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கும்பிட்டது. தெருவில் எனக்கு அப்படிப் பேர்! அந்தப் பேரை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அறையத் தோன்றுகிறது.

கோரைப்பல் முளைத்ததும் சாமி மறுபடி குரங்காகிவிட்டது. அம்மாவின் முன்கையைக் கடித்துக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்த அன்றிலிருந்து ஆன்ட்டியின் வாழைப்பழம் நின்றது. அப்பா சொல்லி, வனத்துறை ஆட்கள் வந்து, ஊருக்கு வெளியே இருந்த விலங்கு மீட்பகம் ஒன்றில் மல்லியைக் கொண்டுபோய் விட்டார்கள். நானும் அம்மாவும் கூடவே போனோம்.

அங்கே குரங்குகளைப் பார்த்துக்கொண்டவர் நாகம்மக்கா. எடுத்த எடுப்பில் சேர்த்துவிடாமல், நடுவில் கம்பி வலை வைத்து மற்றப் பெண் குரங்குகளுக்குப் பக்கத்துக் கூண்டில் மல்லியை விட்டார். கிழட்டுக் குரங்கு ஒன்று வலையோரம் வந்தது. உதட்டை 'சப் சப்' என்று அசைத்தது. பிறகு திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பேன் பார், நாம் சிநேகிதம் என்று அதற்கு அர்த்தம். எங்கள் மல்லி மூலைக்கு ஒடுங்கி, நடுங்கிக்கொண்டே, இரண்டு கையையும் சேர்த்து அதைக் கும்பிட்டது.

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நாகம்மக்கா சிரிக்கவில்லை. "என்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு கொரங்கு இன்னொரு கொரங்குகிட்ட எப்டி நடந்துக்கணும்னே இதுக்குத் தெரியலையே."

"பெத்த பொண்ணாட்டம் பாசமா வளத்தோம்க்கா" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பாசம்னா இடுப்புல இது ஏம்மா?"

கயிறு இருந்த இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் காய்த்து, வளையமாகத் தெரிந்தது.

வலையைத் திறந்த போதெல்லாம் மற்றவை மல்லியைக் கடித்துத் துரத்தின. மாசத்துக்கொரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போவேன். என்னைக் கண்டதும் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் நாகம்மக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "இனிமே வராத கண்ணு. நீ வந்துட்டுப் போனா நாலு நாளைக்கு ரோட்டையே பாத்துகினு குந்தியிருக்கு. பக்கத்துல இருக்கறவங்கள ஏறெடுத்தும் பாக்கறதில்ல."

போவதை நிறுத்தினேன். மல்லிக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது; அதுவும் பலிக்கவில்லை. சில வருஷம் கழித்து, அது இறந்துபோனதை நாகம்மக்காதான் போனில் சொன்னார். "கடைசி வரிக்கும் எவளும் பக்கத்துல ஒக்காந்து அதுக்குப் பேன் பாக்கல" என்றார்.

இன்றைக்கு ஆஸ்டின் டவுன் வீடு இல்லை. பொம்மசந்திராவில் அந்தக் கூட்டம் தங்கிய மரங்களும் இல்லை, கூட்டமும் இல்லை. எங்கே போயின என்று அங்கே டீ குடிப்பவர்களைக் கேட்டால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இப்போது தொம்மலூரில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில், கீழ் வீட்டுக்காரர் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். அதில் ஒரு குரங்குக் குட்டி டயப்பர் கட்டிக்கொண்டு புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. அடியில் ஆயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"என்னா க்யூட் பாருங்க மேடம்!"

"இதோட அம்மா எங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் வீடியோவை முன்னும் பின்னும் தள்ளித் தேடிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இதுல காட்டலையே மேடம்" என்றார்.