சந்திரசேகர் கொல்லாமல் விட்ட பூச்சிகள்

மாலை நான்கு பத்துக்கு ஹரிபிரசாத் மருத்துவமனையிலிருந்து போன் செய்தான். இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அம்மா, அப்பா போயிட்டாரும்மா" என்றான். ஈரக் கையோடு போனைப் பிடித்தபடி, "மாத்திரை குடுத்தாங்களா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. பதினோரு நாள் ஆகிறது.

என் கணவர் சந்திரசேகர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படித்தது ஐ.டி.ஐ., நான் பி.எஸ்ஸி. விலங்கியல். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் பால்காரர்வரை எல்லோருக்கும் இது தெரியும். "நம்ம வீட்டுல சுவாலஜி" என்பார், யானை கட்டியிருப்பது போல. நான் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. படித்தேன் என்பதற்கு அடையாளமாக நான் பெரிதாக நினைத்தது, பென்சிலால் படங்கள் வரைந்த என் ரெக்கார்டு நோட்டைத்தான்.

போன கார்த்திகை மழையில் பீரோவைத் திறந்து அதை எடுத்தேன். உள்ளிருந்து வெள்ளியாக ஒன்று நழுவி ஓடியது. ராமபாணப் பூச்சி. சிறகு கிடையாது, வாலில் மூன்று இழை. பக்கங்களின் ஓரமெல்லாம் சல்லடை. அழுதுகொண்டே துடைப்பத்தை எடுத்தேன். அவர் தடுத்தார்.

"அடிக்காத உமா. இது உன் நோட்டுல இருக்கிற ஆளுதானே?"

"அதுக்குன்னு என் நோட்டையே திங்கணுமா?"

"தன் படம் சரியா வந்திருக்கான்னு பார்த்திருக்கும்."

அழுகையிலும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஜமால் பாயின் பைண்டிங் கடைக்குப் போனோம். அவர் நோட்டின் முதுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது யாரு சார் ஒட்டினது? வெறும் மைதாப் பசையை அப்பி வச்சிருக்காங்க. மயில்துத்தம் ஒரு சிட்டிகை கலந்திருந்தா பூச்சி கிட்ட வந்திருக்காது. அதுக்கு இது விருந்தாச்சே!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமான முதல் வருஷம், பிரிந்து தொங்கிய அந்த நோட்டைத் தைத்து ஒட்டித் தந்தவர் இவர்தான். திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்.

"துத்தம் போடணும்னு எனக்குத் தெரியும் உமா. பசை நீலமா ஆச்சு. உன் படத்துல ஏறிடுமோன்னு, அதைக் கொட்டிட்டு வேற காய்ச்சினேன்."

பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று போனது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"தை முடியறதுக்குள்ள முழு நோட்டும் உன் கைக்கு வரும்" என்றார்.

அதற்குப் பிறகு வீடு பட்டறையாகிவிட்டது. ஊறுகாய் பாட்டிலின் வெளிப்புறம் டேப் சுற்றி, உள்ளே கொஞ்சம் அரிசி மாவு போட்டு பீரோவுக்கு அடியில் வைப்பார். பூச்சி டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழும். கண்ணாடி வழுக்குவதால் வெளியே வர முடியாது. காலையில் கொல்லை வேப்பமரத்தடியில் தட்டிவிட்டு, "போயிட்டு வராதீங்க" என்பார். முழு வளர்ச்சி வந்த பிறகும் அது தோல் உரிக்கும் என்று சொன்னேன். தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "கொடுத்து வச்ச ஜென்மம்" என்றார்.

ஜமால் பாய் தந்த மெல்லிய காகிதத்தை ஓட்டையின் அளவுக்கு வெட்டி, இம்முறை துத்தம் கலந்த பசையால், கோடு மறையாமல் ஒட்டுவார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பக்கம் சுருங்காமல் காய மேலே பாரம் வேண்டும்.

"என்னங்க, தோசைக்கல் எங்க?"

"தவளை மேல இருக்கு."

"ராத்திரிக்கு என்ன பண்றது?"

"குடல் காயட்டும். உப்புமா கிண்டு."

அந்த மாதம் நிறைய உப்புமா சாப்பிட்டோம்.

இன்று நோட்டைத் திறந்து பார்த்தேன். துத்தத்தின் நீலம் எந்தப் படத்திலும் ஏறவில்லை. புறாவரை வந்திருக்கிறார். அதன் இடது இறக்கைக்குக் காகிதம் வெட்டி வைத்திருக்கிறார், ஒட்டவில்லை.