கொடிக்கு எதிராக நான் எழுதிய இரண்டு பக்கம்

ஆட்டம் முடிந்து மூன்று நாள் எங்கள் பாடாவில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. நாலைந்து தெருக்கள் சேர்ந்த வட்டாரத்தை இங்கே பாடா என்பார்கள். ஜாதவ்பூரில் உள்ள எங்கள் பாடாவுக்கு ஒரு சின்னக் கால்பந்து கிளப் உண்டு. கீழ்ப்பிரிவு லீக்கில் பல வருடங்களாக நடுவில் கிடந்த கிளப், அந்த வருடம் மேல்பிரிவுக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் ஆட்டம் வரை போய்விட்டது. அதில் ஒன்று பூஜ்யம் என்று தோற்றோம்.

வெறுமனே தோற்றிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் ஃபார்வர்டு பந்தை வலைக்குள் தள்ளினான். கேலரிப் பலகை மேல் நின்றுகொண்டிருந்த அப்பா முன்னே பின்னே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் கத்தினேன். பிறகுதான் எங்கள் பக்கக் கோட்டின் ஓரத்தில் கொடி உயர்ந்திருப்பதைப் பார்த்தோம். ஆஃப்சைடு. பந்து உதைபட்ட நொடியில் எங்கள் ஆள் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றான் என்று அர்த்தம். கோல் இல்லை.

கொடியைத் தூக்கிய லைன்ஸ்மேன் எங்கள் பாடாக்காரர். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. சனி ஞாயிறுகளில், சில சமயம் லீவு போட்டும், லீக் ஆட்டங்களுக்குக் கொடி பிடிக்கப் போவார். நான் அவரைக் காக்கு என்று கூப்பிடுவேன், வங்காளியில் சித்தப்பா. அன்று வரவேண்டியவருக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். சொந்தப் பாடா ஆட்டம் வேண்டாம் என்று அவரே மறுத்துப் பார்த்திருக்கிறார். வேறு ஆள் இல்லை என்றார்களாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"தான் ரொம்ப நேர்மையானவன்னு காட்டிக்கணும்னு நம்ம கழுத்த அறுத்துட்டான்டி," என்று அப்பா வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாமல் வேலை பார்த்தவர். பஸ்ஸில் அவர் போட்ட சத்தத்துக்கு நடத்துநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கிளப்பின் செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். கையில் ஒரு வீடியோ. கேலரியின் மேல்படியில் நின்று யாரோ கைப்பேசியில் எடுத்தது.

"இஞ்சினியர் மேடம், உனக்குத்தான் அளக்கத் தெரியுமே. ஊருக்கெல்லாம் பாலம் அளக்குற, நம்ம கிளப்புக்கு ஒரு கோல் அளந்து தர மாட்டியா?" என்றார் வங்காளியில்.

"பாலம் நகராது தாதா," என்றேன். தாதா என்றால் இங்கே அண்ணன்.

"அந்த லைன்ஸ்மேன் மூளையும்தான் நகராது. நீ அள."

நான் ஒரு நில அளவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். படங்களிலிருந்து தூரம் கணக்கிடுவது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. மறுத்திருக்கலாம். அன்று எனக்கும் கோபம் இருந்தது. அதைவிட, இது என்னால் முடிகிற காரியம் என்ற எண்ணம் அதிகம் இருந்தது.

வேலையின் வழி எளிமையானது. பெனால்டி பாக்ஸின் முன்கோடும் கோல் கோடும் ஒன்றுக்கொன்று இணை. படத்தில் அவை சாய்வாகத் தெரிந்தாலும் அந்தச் சாய்வை வைத்து, தடுப்பாளரின் கால் வழியாக இன்னொரு இணைகோடு இழுக்கலாம். எங்கள் ஃபார்வர்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்தால் போதும். பந்து காலைவிட்டுப் பிரியும் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். கோடு இழுத்தேன். ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே எங்கள் ஆள் இந்தப் பக்கம் நின்றான். ஆஃப்சைடு இல்லை.

எனக்கு எதையும் வரிசை எண் போட்டு எழுதித்தான் பழக்கம். இரண்டு பக்க அறிக்கை தயாரித்தேன். ஒன்று, வீடியோவின் தரம். இரண்டு, எடுத்துக்கொண்ட கோடுகள். மூன்று, கணக்கிடும் முறை. நான்கு, முடிவு. ஐந்தாவதாக, கேட்காமலே ஒன்று சேர்த்தேன்: 'லைன்ஸ்மேன் தடுப்பாளரின் நேர்கோட்டில் இல்லாமல் பின்தங்கி நின்றிருக்கலாம்.' அதை நான் அளக்கவில்லை. வீடியோவில் அவர் தெரியவே இல்லை.

அப்பா அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அம்மாவுக்கு ஒருமுறை, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். அம்மா மட்டும், "அவர் பொண்டாட்டிய நான் தெனம் பால் பூத்துல பாக்கணுமே," என்றாள்.

மாலைக்குள் அது பாடாவின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. திங்கள்கிழமை கிளப் வாசலிலுள்ள கண்ணாடிப் பலகைக்குள் இருந்தது, நான் சிவப்பில் இழுத்த கோட்டோடு. லீக் நடத்தும் சங்கத்துக்கு அனுப்பிய புகார்க் கடிதத்தோடும் அதை இணைத்தார்கள்.

அதுவரை வெறும் கத்தலாக இருந்ததற்கு இப்போது ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. டீக்கடையில் காக்கு வந்தால், "வாங்க, ஒரு அடி தள்ளி உக்காருங்க," என்பார்கள். முதல் நாள் அவரும் சிரித்தார். "ரெண்டு அடி தள்ளியே உக்கார்றேன், டீ சூடா இருந்தா சரி," என்றார். இரண்டாம் வாரம் அவர் வீட்டு வெளிக்கதவில் யாரோ ஒரு பழைய மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் மனைவி அதை அவிழ்ப்பதை நான் ஆபீஸ் போகும்போது பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

துர்கா பூஜை வந்தது. எங்கள் பந்தலில் அஷ்டமி அன்று மத்தியானம் எல்லோருக்கும் கிச்சுரி, அதாவது பருப்புக் கிச்சடி, போடுவார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறுவது காக்குதான். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். யார் தட்டில் கத்தரிக்காய் வறுவல் இல்லை என்று அவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அந்த வருடம் வாளி வேறொருவர் கையில் இருந்தது. காக்குவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டார். "உப்பு ஜாஸ்தி," என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

சங்கத்தின் விசாரணை பூஜை விடுமுறைக்குப் பின் என்று தேதி வந்தது. படம் மட்டும் போதாது, நேரில் அளந்த அளவும் இருந்தால் வலுவாக இருக்கும் என்று செக்ரட்டரி சொன்னார். அதற்காக, விசாரணைக்கு ஒன்பது நாள் முன்பு, ஞாயிறு காலை, அளவு நாடாவோடு மைதானுக்குப் போனேன். நகரத்தின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய புல்வெளியில் எத்தனையோ கிளப்களின் களங்கள் வேலியிட்டு இருக்கின்றன. நாங்கள் தோற்ற களமும் அங்கேதான்.

களத்தைப் பராமரிக்கும் மாலி சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தார். கயிறு கட்டிப் போட்டார். பெனால்டி பாக்ஸின் முன்கோடு வந்ததும், எங்கள் கேலரிப் பக்கத்து முனையில், கயிற்றை விட்டுவிட்டுக் கையாலேயே சற்று வெளியே ஒதுக்கிப் போட்டார்.

"ஏன் பாபா அங்க வளைக்கிறீங்க?" என்றேன் இந்தியில்.

"இங்க தண்ணி நிக்கும் மகளே. மழை விட்டு ஒரு மாசம் ஆனாலும் சொதசொதன்னு இருக்கும். சுண்ணாம்பு போட்டா கரைஞ்சிடும். அதான் கொஞ்சம் சுத்திப் போடறேன்."

"எப்பவுமேயா?"

"மழைக்காலத்துல எப்பவும் இப்படித்தான். ஆடறவங்க எல்லாருக்கும் தெரியுமே." அவர் என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். "புதுசா என்ன அளக்கப் போற?"

அளந்தேன். அந்த முனையில் கோடு ஏறக்குறைய இரண்டடி விலகியிருந்தது. நான் இணை என்று நம்பிய இரண்டு கோடுகளும் இணை இல்லை. ஒரு கட்டடத்தை அளக்கப் போனால் முதலில் செய்வது, எதை ஆதாரமாக எடுக்கிறோமோ அதைச் சரிபார்ப்பது. முதல் வாரமே கற்றுக்கொடுப்பார்கள். எனக்குக் கீழே வேலை செய்யும் யாராவது இதைச் செய்யாமல் விட்டிருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

களத்து ஓரத்திலேயே உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். கோட்டைச் சரிசெய்தால் எங்கள் ஆள் தடுப்பாளருக்கு நேராக வந்து நின்றான். அரையடி இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். அந்த மங்கலான வீடியோவிலிருந்து அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. நியாயமான முடிவு ஒரே வரிதான்: தெரியவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. அடுத்த நாள் ஆபீஸில் இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பி மறுபடி மைதானுக்குப் போய் அளந்தேன். எதையும் மூன்று முறை அளக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி; அதைத்தான் பின்பற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் முதல் அளவிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

செக்ரட்டரியிடம் வெள்ளிக்கிழமைதான் போனேன். மருந்துக்கடையில் கூட்டம் குறையும் வரை நின்றேன். அவர் முழுதும் கேட்டார்.

"சரி. இப்ப யாருக்கெல்லாம் தெரியும்?"

"மாலிக்கு. எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை விசாரணை முடியட்டும். எப்படியும் ரிசல்ட்ட மாத்த மாட்டாங்க. நம்ம பசங்க மனசு ஆறட்டும், அவ்வளவுதான். அவனுக்கு மிஞ்சிப்போனா ஒரு எச்சரிக்கை குடுப்பாங்க."

"தாதா, அறிக்கை தப்பு."

"தப்புன்னு நீயே சொல்லலியே. தெரியலன்னுதான சொல்ற?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எழுதினதுல கையெழுத்துப் போட்டிருக்கியோ?" என்று கேட்டார். போட்டிருந்தேன், பதவிப் பெயரோடு. "ஆபீஸ்ல தெரிஞ்சா ஏதாவது ஆகுமா?" என்றார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அதனால்தான் நான்கு நாள் ஓடியது.

விசாரணை முடிந்தது. செக்ரட்டரி சொன்ன முதல் பாதி நடந்தது: முடிவை மாற்றவில்லை. இரண்டாம் பாதி நடக்கவில்லை. அடுத்த பருவத்துக்கான லைன்ஸ்மேன் பட்டியலிலிருந்து காக்குவை எடுத்துவிட்டார்கள். 'சமர்ப்பிக்கப்பட்ட தொழில்நுட்ப அறிக்கையைக் கருத்தில் கொண்டு' என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

மறுநாள் சங்கத்துக்கு எழுதினேன். எங்கே தவறினேன், எவ்வளவு, எப்போது எனக்குத் தெரியவந்தது என்று வரிசையாக. எப்போது தெரியவந்தது என்ற வரியை எழுதத்தான் நேரமானது. கிளப் பலகையில் ஒட்ட ஒரு பிரதி கொடுத்தேன். செக்ரட்டரி மேசை இழுப்பறையில் வைத்தார். வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பிறகு யாரோ ஒரு பிறந்தநாள் கேக் படம் போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தவறு ஏற்கப்பட்டது, அடுத்த பருவத்துக்கான பட்டியல் முடிந்துவிட்டதால் அவர் அதற்கு அடுத்த முறை புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவமும் இணைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

காக்கு தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா," என்றார், எப்போதும் போல. அவர் மனைவி உள்ளே போய்விட்டார். டீ வரவில்லை.

என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். சுண்ணாம்புக் கோடு, அறிக்கை, நான் தாமதித்த ஒன்பது நாள். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தக் கோடு வளைவுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "நான் அதப் பாக்க மாட்டேன். கடைசி டிஃபெண்டரத்தான் பாப்பேன்."

"விசாரணையில சொல்லியிருக்கலாமே காக்கு."

"சொன்னேன். கம்ப்யூட்டர் ரிப்போர்ட் வேற மாதிரி சொல்லுதேன்னாங்க."

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"அப்ப சரியா அளந்து பாத்தப்ப, அது ஆஃப்சைடுதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். இன்னொரு முறை தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்ல என்னால் முடியவில்லை. "அந்த வீடியோவ வச்சு யாராலயும் சொல்ல முடியாது காக்கு," என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "கொடியத் தூக்கினப்ப எனக்குத் தெரிஞ்சுது. சத்தியமா தெரிஞ்சுது. பஸ்ல வரும்போதும் தெரிஞ்சுது. அப்புறம் நீ கோடு போட்ட படத்த எல்லாரும் காட்டிக் காட்டி, இப்ப கண்ண மூடினா அந்தச் செவப்புக் கோடுதான் வருது. அந்தப் பையன் எங்க நின்னான்னு வர்றதில்ல."

படிவத்தை அவர் பக்கத்தில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்து, முழுதும் படித்தார்.

"கொடி தூக்க அரை நொடிதான் கிடைக்கும்மா," என்றார். "யோசிக்க ஆரம்பிச்சா அது போதாது."

படிவத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் மறுபடி பட்டாணியை எடுத்தார். உதவி செய்யட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.