ஒருமனதாக அல்ல

குற்றச்சாட்டு இது: மார்ச் பதினான்காம் தேதி வெளியான நம் அச்சகத் தொழிலாளர் சங்கச் சுற்றிதழ், மறைந்த என் அண்ணனைப் பற்றி, "சங்கத்தின் எந்தத் தீர்மானத்துக்கும் மாறுபடாதவர்" என்று அச்சிட்டிருக்கிறது. அது பொய்.

அண்ணன் அச்சு இயந்திரம் ஓட்டியவர். நான் அதே அச்சகத்தில் புத்தகம் தைப்பவள். அதே சங்கத்தில் உறுப்பினர். பள்ளிப் படிப்பு எட்டாவதோடு நின்றது. மற்றதைத் தைக்க வந்த தாள்களைப் படித்துக் கற்றுக்கொண்டேன்.

சங்கத்தில் அண்ணனின் பெயர் ஒத்தைக் கை. தேர்தல் வந்தால் யாரை ஆதரிப்பது என்று முடிவெடுக்கக் கூட்டம் கூடும். ஒவ்வொரு கருத்துக்கும் கை தூக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு கை எழுந்தால், அந்தக் கருத்து பேசப்படவே இல்லை என்று கொள்வது நம் வழக்கம். நேரம் மிச்சமாகட்டும் என்று யாரோ தொடங்கி வைத்தது.

சென்ற தேர்தல் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "ஒத்தைக் கை, இன்னிக்கு என்ன சரக்கு வெச்சிருக்கே?"

"ஓட்டே வேண்டாம் தலைவரே. ஊர்ல எல்லார் பேரையும் எழுதிக் குலுக்கிப் போட்டு ஆளை எடுங்க. மோசமானவன் வந்தாலும் அடுத்த தடவை அவனே வரமாட்டான்."

"அப்போ என் பேரும் விழுமா?"

"விழும். இதுல இருக்கிற ஒரே குறை அதான்."

கூடம் சிரித்தது; தலைவரும் சிரித்தார். பிறகு கை தூக்கச் சொன்னார். நகத்தில் மை படிந்த ஒரு கை மட்டும் எழுந்தது. பழைய வேட்பாளருக்கே ஒருமனதாக ஆதரவு என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது சொன்னேன்: "எனக்கே அது சரியாப் படலைண்ணா. அதான் தூக்கலை."

"சரியாப் படலைன்னா எதுக்குத் தூக்கணும்? ஒருத்தன் சொன்னான்னு எழுதிக்கட்டும், போதும்."

ஜனவரியில் இயந்திரத்தருகே சரிந்தார். மருத்துவமனை போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழவில்லை. மறுவாரம் வேலைக்குப் போனேன். ஊசி பழகிய வழியில் போய் வந்தது. அந்தச் சுற்றிதழைத் தைத்ததும் நான்தான். அந்த வரியைப் படித்தேன். கட்டு தீரும் வரை தைத்தேன்.

பிறகு செயலாளரிடம் போனேன்.

"நல்லதாத்தானேக்கா எழுதியிருக்கோம்? செத்தவரைப் போய் எதிர்த்தவர்னு போடுவாங்களா?"

"எதிர்த்தாரே, தம்பி."

"எந்தக் கூட்டத்துலன்னு காட்டுங்க. மாத்திடறேன்."

நான் சேர்ந்த நாள் முதல் வந்த கூட்டக் குறிப்புகள் அனைத்தும் என் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்று விடாமல் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒருமனதாக என்றே இருக்கிறது. அண்ணன் எதிலும் இல்லை.

குலுக்கல் யோசனை இன்றைக்கும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் தள்ள வேண்டியவையே. ஆனால் எதைத் தள்ளினோம் என்பதையே எழுதாமல் விட்டதால், நாம் எதையும் யோசித்துத்தான் முடிவு செய்தோம் என்று காட்ட நம்மிடம் ஒரு தாளும் இல்லை.

அடுத்த சுற்றிதழில் திருத்தம் வெளியிட வேண்டும். இனி ஒற்றைக் கையும் குறிப்பில் ஏற வேண்டும். இரண்டுக்கும் எழுத்தில் பதில் தேவை. இப்படிக் கேட்பது நான் ஒருத்திதான் என்பது உங்கள் பதிலானால், அதையும் எழுதியே தரவும்.