தலையீத்துப் பெட்டை

என் மனைவியை எல்லோரும் குட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஆளைப் பார்த்ததும் திகைத்துப் போவார்கள். எங்கள் வாசல்படியில் அவள் குனிந்துதான் நுழைய வேண்டும். கட்டிலில் முக்கால் பங்கு அவளுக்கு, மீதி எனக்கு. ஆட்டுக்குட்டி கேட்டு வந்து நிற்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

விஷயம் இதுதான். ஆடில்லாத வீட்டுக்கு எங்கள் ஊர் ஆட்டுச் சங்கத்திலிருந்து ஒரு பெட்டை ஆடு கொடுப்பார்கள். சும்மாதான். அது போடும் முதல் பெட்டைக்குட்டியை, காத்திருக்கும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் தாயும் மற்ற குட்டிகளும் அந்த வீட்டுக்கே சொந்தம். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் காலிலும் விழ வேண்டாம், ஒரு கிடாவைப் பிடித்து விற்றால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கும்போது சிரிக்கிற முகம் கொடுக்கும்போது சிரிப்பதில்லை. அந்தச் சிரிக்காத முகங்களைப் போய்ப் பார்ப்பதுதான் என் மனைவியின் வேலை. சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வெங்காய மண்டியில் நின்று அழுகல் பொறுக்கிவிட்டு, சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்குவாள். கண் எப்போதும் சிவந்திருக்கும். அழுதாளா, வெங்காயமா என்று கட்டிய புருஷனுக்கே தெரியாது.

அவளிடம் நேரில் பேசப் பயப்படுகிறவர்கள் என் பஞ்சர் கடைக்கு வருவார்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கி நான் ஓட்டை தேடிக்கொண்டிருப்பேன். "அண்ணே, அண்ணிகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று ஆரம்பிப்பார்கள். குட்டிக்குக் கால் சரியில்லையாம். மாமியாருக்கு அதன்மேல் உயிராம். எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

ஆடு வாங்க அவளுடைய தங்கைக்கு முறை வந்தபோதே நான் வேண்டாம் என்றேன். சொந்தத்துக்குள் கொடுக்கல் வாங்கல் கூடாது என்பது என் கட்சி. ஆனால் கொழுந்தியாளின் நிலைமை அப்படி. வேலைக்கென்று கிளம்பிய புருஷன் போனவன் போனவன்தான். இரண்டு பெண் பிள்ளைகள், ஒழுகும் கூரை. கொடுத்த ஆடு முதல் ஈத்தில் இரண்டு கிடா போட்டது. அவற்றை விற்றுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாள். அடுத்த ஈத்தில் ஒற்றைப் பெட்டை. அது பால் மறப்பதற்குள், சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கொட்டியிருந்த பழைய சோற்றைத் தின்று வயிறு உப்பித் தாய் செத்துப்போனது. குட்டியைப் பாட்டில் பால் கொடுத்துக் கொழுந்தியாள் பிழைக்க வைத்தாள். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு குட்டி. சங்கத்துக்குச் சேர வேண்டியதும் அதே குட்டி.

காத்திருந்தது இஸ்திரிக்காரர் வீடு. அவருக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து அவர் மனைவிதான் தள்ளுவண்டியில் நின்று துணி தேய்க்கிறாள். சாக்கும் கம்பும் வைத்து அவள் கொட்டில் கட்டி வெகுநாள் ஆகியிருந்தது. ஆடு வராத கொட்டிலில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

என் மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். பேச்சு தடித்தால் இழுத்து வர ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். கொழுந்தியாள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"தரமாட்டேன்னு சொல்லலக்கா. நீ சொன்னதைத்தான் சொல்றேன். தலையீத்துப் பெட்டை சங்கத்துக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"தலையீத்துல எனக்குப் பொறந்தது ரெண்டும் கிடா. இது ரெண்டாவது ஈத்து. அப்புறம் எந்தக் கணக்குல இதைக் கேக்குற?"

தலையீத்து என்றால் முதல் பிரசவம். என் மனைவி மனதில் நினைத்தது, எந்த ஈத்தில் ஆனாலும் முதலில் பிறக்கும் பெட்டை. சங்கம் தொடங்கிய அன்று வாயில் வந்தது தலையீத்துப் பெட்டை. அவள் என்ன நினைத்தாள் என்பது எல்லோருக்கும் புரிந்ததால் யாரும் அந்தச் சொல்லைக் கிளறவில்லை. மெக்கானிக் வீட்டில் இரண்டாவது ஈத்தில்தான் பெட்டை பிறந்தது. மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். கூடப் பிறந்தவள்தான் சொல்லைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததிலும் தப்பில்லை.

திரும்பி வரும் வழியில் நான் மெதுவாகச் சொன்னேன். "அவ சொல்றபடியே விட்டுரு. உன் வாய்ல வந்த வார்த்தைதானே."

"மெக்கானிக் வீட்டுல வாங்கிட்டேனே. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அவ உன் தங்கச்சி."

"அதாங்க பிரச்சனையே."

அதற்குள் செய்தி தெருவைச் சுற்றிவிட்டது. மெக்கானிக்கின் மனைவி என் கடைக்கு வந்து நின்றாள். வண்டியில் காற்று குறையவே இல்லை, ஆனாலும் அடிக்கச் சொன்னாள். "ஏண்ணே, தங்கச்சின்னா தலையீத்து, மத்தவங்கன்னா எந்த ஈத்தானாலும் சரியா?" என்றாள். நான் காற்றடித்தேன். வேறென்ன செய்ய? திருடனுக்குக் கூட வக்கீல் கிடைப்பான், எனக்கு ஒருத்தரும் இல்லை.

என் மனைவி அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவளுக்கு இரண்டும் ஆடின. கடைசியில் ஒருநாள் மண்டியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், "தப்பாச் சொன்னது நான்தான். ஆனா குட்டி இஸ்திரிக்காரர் வீட்டுக்குத்தான்" என்றாள். கொழுந்தியாள் சண்டை போடவில்லை. குட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வெறும் குட்டியை மட்டும் தூக்கிக் கொடுத்தாள். ஆடு செத்த வீட்டுக்கு மறுபடி முறை உண்டு, வரிசையின் கடைசியில். அதை என் மனைவி சொன்னாள். கொழுந்தியாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரச்சனை தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன். மறுநாளே இஸ்திரிக்காரர் மனைவி ஓடி வந்தாள். குட்டி பாலைத் தொடவில்லை. பாட்டிலை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிறது. என் மனைவி போய்ப் பார்த்தாள், அவள் கையிலும் குடிக்கவில்லை. தங்கையிடம் போய்க் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை.

கேட்க வேண்டியிருக்கவில்லை. குட்டியின் கத்தல் அடுத்த தெரு வரை கேட்டது. கொழுந்தியாள் தன் பழைய பாட்டிலோடு வந்து, யாரையும் பார்க்காமல் கொட்டிலில் உட்கார்ந்தாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் வந்தாள், தன்னுடையதாக இல்லாத குட்டிக்குப் பால் கொடுக்க. என் மனைவியும் மாலையில் போய்த் தள்ளுவண்டி பக்கத்தில் நிற்பாள். இரண்டு பேருக்கும் பேச்சில்லை. களைத்துப் போன என் மனைவிக்குத் துணையாக நானும் நிற்பேன். எனக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

ஒருநாள் இஸ்திரிக்காரர் மனைவியின் கையிலேயே குட்டி குடித்துவிட்டது. கொழுந்தியாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டு எங்களிடம் வந்தாள்.

"இனிமே நான் வர வேண்டாம். வரிசையில கடைசி வீடு நான்தானேக்கா?"

அவளைத் தேற்ற வேண்டும் என்று என் மனைவிக்குத் தோன்றியிருக்கும். "நீ கடைசி இல்லடி. உனக்கும் பின்னாடி நான் இருக்கேன்" என்றாள்.

அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் ஆடு கிடையாது. எங்கள் முறை வரும்போதெல்லாம் இவள் வேறு யாரையாவது முன்னால் தள்ளிவிட்டு, தான் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

கொழுந்தியாள் அக்காவை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் கூட இல்லை, அவ்வளவு சோர்வு.

"நீ வேணாம்னு தள்ளிப் போற, அது உன் திமிரு. எனக்கு இல்லாமப் போச்சு. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதக்கா."

சொல்லிவிட்டு நடந்து போனாள். என் மனைவி தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய உருவம் அந்த விளிம்பில் எப்படி அடங்கியதோ தெரியவில்லை.

"என்னங்க, அவ சொல்றது சரிதானே?"

"சரிதான்" என்றேன். பொய் சொல்ல எனக்கும் தெம்பில்லை.