மச்சாளின் கிணற்றுக்குப் பூட்டு

"இஞ்சை இருக்கிற ஆக்களிலை, ஆரையும் கேளாமல் தாங்களே முடிவெடுக்கிற அம்மாமார் ஆர்? கையை உயர்த்துங்கோ பாப்பம்." தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி விற்க வந்த இளைஞன் இப்படிக் கேட்டதும், முதலில் உயர்ந்தது என் மச்சாளின் கைதான். நெடுந்தீவில் மாதர் சங்கக் கூட்டம். பாடசாலை விடுமுறைக்கு மச்சாள் வீட்டுக்கு வந்திருந்த நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து நெளிய, அவள் மட்டும் நிமிர்ந்திருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு புறப்படும் நேரமாகிவிட்டதால் அத்துடன் எழும்பிப் போய்விட்டேன். அன்றைக்கு அந்தப் படகைத் தவறவிட்டிருக்கலாம் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அந்தக் கை சும்மா உயர்ந்த கையல்ல. கணவனைக் கடலில் பறிகொடுத்தபின் இரண்டு வருடம் வாசலுக்கே வராமல் கிடந்தவள் மச்சாள். "உனக்கு ஏலாது" என்று அண்ணன்மார் சொன்னதைத் தானும் நம்பினாள். பிறகுதான் சங்கத்தில் தன்னம்பிக்கை வகுப்பு நடந்தது. காலையில் கண்ணாடி முன் நின்று "என்னாலை ஏலும்" என்று சொல்ல வேண்டுமாம். எங்களுக்கெல்லாம் அது பகிடி. ஆனால் அவள் சொல்லிச் சொல்லியே ஒரு மாட்டை நாலாக்கினாள். அரசாங்கக் கந்தோர்களில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதைத்தாள். கன்று ஒன்று செத்தபோதுகூட, "இது இண்டையான் கஷ்டம். நாளைக்கும் இருக்குமெண்டு ஆர் சொன்னது?" என்றாள். அவள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிவர எல்லாம் உவர். காலையும் மாலையும் அயலார் குடங்களோடு வருவார்கள். அவர்களுக்காகப் படலையை அவள் சாத்துவதேயில்லை.

நான் போனபின் நடந்ததை அவளே தொலைபேசியில் சொன்னாள். அந்த இளைஞன் ஒரு குவளையில் அவள் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் தன் பெட்டித் தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தானாம். பெட்டித் தண்ணீர் தெளிவாகவே நின்றது. கிணற்றுத் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. "அக்கா, உங்களை மாதிரித் துணிஞ்ச ஆக்களுக்குத்தான் இது விளங்கும். பயந்த ஆக்கள் வீட்டிலை கேக்கோணுமெண்டு போயிடுவினம்" என்றானாம். அப்படிப் போனவர்கள் எல்லோரும் தப்பினார்கள். மச்சாள் கன்றுத்தாச்சி மாட்டை விற்று அந்தப் பெட்டியை வாங்கினாள். அதோடு விட்டாளா? கிணற்றைப் பலகையால் மூடிப் பூட்டும் போட்டாள். "சனத்துக்கு நஞ்சையெல்லோ குடுத்துக்கொண்டிருந்திருக்கிறன். என்ரை கண்ணாலை கண்டனான் மச்சாள்" என்று என்னிடம் அழுதாள். அயற்பெண்கள் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை வெயிலில் காத்து நின்றார்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள். தொலைபேசியில் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமையே இரண்டு ஆணிகளோடும் மின்கலங்களோடும் படகேறினேன். அவள் குசினியில், அந்தப் பெட்டித் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஆணிகளை இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் கலங்கிச் சிவந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீரிலும் கொஞ்சம் உப்புண்டு. உப்பிருந்தால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கரைவது இரும்பு. கிணற்றில் ஒரு குற்றமும் இல்லை. மச்சாள் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

பெட்டி விற்றவனுடைய தொலைபேசி இலக்கம் அதற்குள் செத்துப்போயிருந்தது. ஊரோ அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. "பெரிய கெட்டிக்காரியெண்டு திரிஞ்சவ" என்று, அவள் கிணற்றில் அள்ளிக்கொண்டே சிலர் சொன்னபோது எனக்கு இரத்தம் கொதித்தது. அவள் பேராசையால் ஏமாறவில்லை. அவன் மடைச்சிகளைத் தேடி வரவில்லை. துணிவு வந்த பெண்களைத் தேடி வந்தான். அவள் அழுதழுது சேர்த்த துணிவையே பிடியாக்கி அவளை இழுத்துப்போனான். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த வகுப்பு நடத்தியவர்கள் மீதும் எனக்குக் கோபம்தான். ஏலும் என்று சொல்லப் பழக்கினீர்களே, "பொறு, யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்வதும் துணிவுதான் என்று ஏன் பழக்கவில்லை?

மாட்டைத் திரும்ப வாங்கலாம். போன மாதம் நான் அங்கே நின்றபோது பசு ஒன்று இரண்டு நாளாகத் தின்னாமல் படுத்திருந்தது. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "ஊசி போடட்டோ, நாளைவரைக்கும் பாப்பமோ? உங்கடை மாடு, உங்களுக்குத்தானே தெரியும்" என்று மச்சாளிடம் கேட்டார். மாடு மூச்சுவிடுவதைக் கேட்டே என்ன வருத்தம் என்று சொல்லக்கூடியவள், கையைப் பிசைந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு மச்சாள். எனக்கென்ன தெரியும்?"

பால் கறக்க மாட்டின் எந்தப் பக்கம் இருப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.