அக்கா என்னை ஓபராவுக்குக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் ஓர் இத்தாலியப் பெண் வேலை செய்தாள். அவள் போகமுடியாமல் இரண்டு ஓபரா டிக்கெட்டுகளைத் தனக்குத் தந்துவிட்டதாக ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வந்து சொன்னாள்.

"ஞாயிறு மத்தியானம். பூசை முடிய நேரே போவம். நீயும் நானும்தான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நாட்களில் அக்காவோடு எங்கே போவதென்றாலும் சந்தோஷம்தான். நான் அப்போது காதலித்துக்கொண்டிருந்தேன். அது வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவன், சைவக்காரன். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அப்பா கோயில் பங்குச் சபையில் இருந்தார். அம்மா செபமாலைக் கூட்டம் நடத்துபவர். அவனைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவே முடியாது. நான் வெளியே போக, "அவள் என்னோடைதான் வாறாள்" என்று பொய் சொன்னது அக்கா. அவன் என்னை அழைக்க முடியாத நேரங்களில் அவளுடைய செல்போனுக்கு அழைப்பான். அவள் எங்களுக்கு நடுவில் நின்றதால்தான் அது ஒன்றரை வருடம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு இருந்த வில்லரேயிலிருந்து மெட்ரோ ரயிலில் போனோம். அக்கா வழியில் அதிகம் கதைக்கவில்லை. அரங்குக்குள் நுழையும்போது, "போனை நிப்பாட்டு. உள்ளுக்கை அடிச்சால் வெக்கக்கேடு" என்றாள். நிறுத்தினேன்.

நாடகம் முழுவதும் இத்தாலிய மொழியில் பாட்டாகவே நடந்தது; எங்கள் இருவருக்கும் அந்த மொழி தெரியாது. மேடைக்கு மேலே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடின. நான் பிரெஞ்சை வாசித்து அக்காவின் காதுக்குள் சொன்னேன். கதை இதுதான். ஒரு நகரத்தின் தலைவன் ஒருவனைத் தூக்கிலிடுகிறான். தூக்கிலிடப்பட்டவனின் மகனைத் தலைவனின் மகளே காதலிக்கிறாள். இருவரும் சிற்றாலயம் ஒன்றில் களவாகச் சந்திக்கிறார்கள். ஒருநாள் தகப்பனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் கோபப்படவில்லை. மகளைக் கட்டியணைத்து, "அவனை விருந்துக்குக் கூப்பிடு, உங்கள் கலியாணத்தை நானே நடத்துகிறேன்" என்று பாடுகிறான். அவள் முழங்காலில் விழுந்து அவனுடைய கையை முத்தமிடுகிறாள். அதோடு இடைவேளை.

விளக்குகள் எரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மனுசன் நடிக்கிறான் எண்டு எங்களுக்கே விளங்குது. அந்தப் பெட்டைக்கு ஏன் விளங்கேல்லை?" என்றேன்.

அக்கா தன் கைப்பையைத் திறந்து மூடினாள். "வீட்டு ஆக்களை ஆர் சந்தேகப்படுவினம்?" என்றாள். பிறகு, "இரு, பாத்ரூம் போட்டு வாறன்" என்று எழும்பினாள்.

அவள் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. எல்லோரும் இருக்கைக்கு வர மணி அடித்து முடிந்து, விளக்கு மங்கும்போதுதான் வந்தாள். "பெரிய கியூ" என்றாள்.

இரண்டாம் பாதியில் காதலன் விருந்துக்கு வருகிறான். கதவுகள் மூடப்படுகின்றன. கலியாண உடுப்போடு அவள் ஓடிவரும்போது அவன் தரையில் கிடக்கிறான். அவனைக் கொன்ற கத்தியாலேயே அவளும் சாகிறாள். அதற்கு முன் அவள் பாடிய பாட்டில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், தோள்கள் குலுங்க. என் அக்காவுக்கு எவ்வளவு இளகிய மனது என்று நினைத்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து போனைத் திறந்தேன். அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. சில நாட்களில் அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. அவனுடைய அறைக்குப் போனேன். கூட இருந்த பையன் கதவைப் பாதி திறந்து, "அவன் மேற்கே கல்கரிக்குப் போயிட்டான். வேலை கிடைச்சிருச்சு. உங்ககிட்ட சொல்லலையா?" என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அக்காவின் பக்கத்தில் படுத்து அழுதேன். "விட்டிட்டுப் போனவனுக்கு ஏன் அழுறாய்? ஆம்பிளையள் உப்பிடித்தான்" என்று தலையைத் தடவுவாள். அவன் சொன்னது, நான் சொன்னது, எங்களுக்குள் மட்டும் இருந்தது எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

கோடையில் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பம், வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில். நான்தான் மணப்பெண் தோழி. மண்டபத்தில் விருந்தினரைக் கவனித்துக்கொண்டு போகையில் அந்த இத்தாலியப் பெண்ணைக் கண்டேன். பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, ஓபரா டிக்கெட்டுக்கு நன்றி சொன்னேன்.

அவள் விழித்தாள். "என்ன டிக்கெட்?"

"நீங்கள் போகமுடியாமல் அக்காவுக்குக் கொடுத்தீர்களே."

"நானா? ஓபராவா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "என் புருஷன் ரேடியோவில் ஓபரா போட்டால் நான் சமையலறைக்கு ஓடிவிடுவேன், மகளே!"

நானும் சிரித்தேன். பிறகு போய் அக்காவின் சேலை மடிப்பைச் சரிசெய்தேன், படமெடுப்பவர் சொன்ன இடத்தில் நின்றேன். அந்தப் படங்களில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்காவும் அத்தானும் தேன்நிலவு முடிந்து திரும்பிய பிறகு புரோசார்டுக்குப் போனேன். அக்கா குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் வேலையில்.

"அந்த டிக்கெட்டை ஆர் தந்தது?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை. "நான்தான் வாங்கினனான்."

"ஏன்?"

"அவன் எடுத்தாலும் உனக்கு வரக்கூடாது. அதுக்கு உன்ரை போன் நிண்டிருக்க வேணும். அப்பாவுக்கும் நான்தான் சொன்னனான். அவர் அந்த நேரம் அவன்ரை அறைக்குப் போனவர்." மூச்சு வாங்கினாள். "அதுக்கு முதல் நான் அவனோடை கதைச்சனான். இடைவேளைக்குள்ளை."

"என்ன சொன்னனீ?"

"நீ வேறை கலியாணத்துக்கு ஓமெண்டிட்டாய் எண்டு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கலியாணம் பேசேக்கை அத்தான் வீட்டிலை கேட்டவை. தங்கச்சி ஆரோ இந்தியாப் பெடியனோடை, சைவக்காரனோடை திரியிறாளாமெண்டு. எனக்கு முப்பத்தி மூண்டு வயசு. இதுவும் குழம்பினால் பேந்து ஆர் என்னைக் கட்டுவினம்? நீயே சொல்லு."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அக்கா. உன்ரை கலியாணம் முடியுமட்டும் பொறு எண்டால் பொறுத்திருப்பனே."

அவள் முகம் வெளிறியது. அப்படி ஒரு வழி இருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அவளுக்காக நான் எதையாவது செய்வேன் என்று அவள் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை.

அவனுடைய நண்பனிடம் இலக்கம் வாங்கிக் கல்கரிக்கு அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"உங்க அக்கா சொன்னா, நீ சொன்ன மாதிரிதானே. எப்பவும் அவங்கதானே நம்ம நடுவுல இருந்தாங்க" என்றான். "உனக்கு என் முகத்தைப் பாத்து சொல்ல தைரியம் இல்லன்னு சொன்னாங்க. பின்னாடி ஏதோ மணி அடிச்சுது. அப்புறம் உங்க அப்பா வந்தார். அழுதார். உன்னைக் கூப்பிட மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனார்."

"உங்களுக்கு என்னட்டை ஒருக்காக் கேக்கத் தோணேல்லையோ?"

"கோவம். அப்புறம்... கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

வீட்டில் தனக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டதாகவும் சொன்னான். நான் வாழ்த்தவில்லை. போனை வைத்தேன். அக்கா ஏமாற்றினாள், அப்பா ஏமாற்றினார். ஆனால் அவ்வளவு சுலபமாக நம்பியவன் மீதும் எனக்கு அதே கோபம்தான் வந்தது.

அந்த இலையுதிர்காலம் விமான நிலையத்தில் வேலை கிடைத்ததும் டோர்வலில் ஓர் அறை எடுத்துத் தனியே போனேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார். போகாதே என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்கு மகள் பிறந்தாள். அம்மா மூன்று முறை அழைத்த பிறகு மருத்துவமனைக்குப் போனேன். அக்கா கட்டிலில் இருந்தபடி குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கையடக்கமாக, சூடாக இருந்தாள்.

"சித்தியைப் பார்" என்றாள் அக்கா குழந்தையிடம். பிறகு என் முகத்தையே பார்த்தாள்.

நான் அக்காவின் பக்கம் திரும்பாமல் அம்மாவைப் பார்த்து, "பால் குடிக்கிறாளோ?" என்று கேட்டேன்.